வாய்ப்பூட்டு வாரம்

லிஃப்ட் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. மேலாளரிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் சிலர் மாட்டிக்கொண்டு அலறினார்கள். கூண்டின் கூரைமேல் நின்று பழுது பார்த்துக்கொண்டிருந்த இவர் குனிந்து, "யாரும் பயப்படாதீங்க, கப்பல் என் கையில இருக்கு!" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அது 'தூரவானம்' படத்தில் வரும் வசனம். விண்கலம் ஒன்றின் கதையாகப் பாகம் பாகமாக வந்த படங்கள் அவை. முதல் பாகம் வந்தபோது இவர் அரை டிக்கெட். மடியில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு டிக்கெட்டே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் அடிப்பகுதி விண்கலம் ஆனது. பழைய இஸ்திரிப் பெட்டி இயந்திரமானது.

"எப்பவும் நீயே கேப்டனா இருப்பியா?" என்று தங்கை உதடு பிதுக்குவாள்.

"நீ வழி சொல்ற ஆளு. நீ இல்லேன்னா கப்பல் எதுலயாவது போய் முட்டிக்கும்."

"அப்ப நீ சும்மா உக்காந்திருக்கிற ஆளு. அதை ஒத்துக்கோ."

படத்திலும் அப்படித்தான். ஒரு கேப்டன், வழி சொல்லும் ஒரு பெண். அண்ணனும் தங்கையும் அவர்களோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். நடுவில் அப்பா போனார். பிறகு அம்மாவும் போனாள். லிஃப்ட் கிரீஸ் மணக்கும் கைகளாலேயே அண்ணன் தங்கைக்குச் சோறு பொங்கினார், சடை பின்னினார், கல்யாணமும் செய்துவைத்தார். தனக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை. "உனக்குப் பொண்ணு வேற கிரகத்துலதான் தேடணும்" என்று தங்கை கேலி செய்வாள்.

தங்கையின் கணவர் வெளியூரில் கணக்கு வாத்தியார். படமென்றால் அவருக்குக் கொட்டாவி வரும். "வானத்துல பறக்கிறதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்பார். அவரை இருவரும் மன்னித்துவிட்டார்கள்.

இந்த இருவருக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். இரண்டாம் பாகம் வந்தபோது சித்தப்பா மகன் முந்திக்கொண்டு பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து முடிவைச் சொல்லிவிட்டான். தங்கை தட்டைக் கவிழ்த்துவிட்டு அழுத அழுகையில் பக்கத்து வீடு விழித்துக்கொண்டது. அன்று போட்ட சட்டம் அது. படம் வெளிநாடுகளில் முதலில் வரும். இவர்கள் ஊருக்கு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் செய்தித்தாள் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. பின்னாளில் கைபேசி வந்ததும், அதையும் அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டுவிட வேண்டும். அண்ணனும் தங்கையும்கூடப் பேசிக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் தங்கைக்கு வாய் நிற்காது. ஒருமுறை எங்கேயோ கேட்டுவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல, ஆனா கைக்குட்டை எடுத்துக்கோ" என்று சொல்லிப் பாதிக் கதையை உடைத்துவிட்டாள். வாரம் முடிந்ததும் அவள் ரயிலேறி வருவாள். தியேட்டர் வாசலில் சந்தித்து, முதல் காட்சிக்குப் போவார்கள்.

நான்காம் பாகம் கொடுமையான இடத்தில் முடிந்திருந்தது. கப்பலைக் காப்பாற்ற கேப்டன் சின்னக் கலத்தில் தனியாக இருட்டுக்குள் போய்விடுகிறார். வழி சொல்லும் பெண் வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். திரை கறுத்துவிடுகிறது. அதன்பின் வருடக்கணக்கில் ஒன்றுமில்லை. எடுக்கமாட்டார்கள் என்றார்கள், கம்பெனி மூடிவிட்டது என்றார்கள். அண்ணனுக்கு முன்தலை வழுக்கையானது. தங்கைக்கு ரத்தத்தில் நோய் வந்தது.

ஐந்தாம் பாகம் வருகிறது என்ற அறிவிப்பு வந்த அன்று அவள் மருத்துவமனையிலிருந்து போன் செய்து கூச்சல் போட்டாள். நர்ஸ் வந்து திட்டும் அளவுக்குக் கூச்சல். "அண்ணா, அவர் உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்காம நான் சாக மாட்டேன்!"

"வாயைக் கழுவு" என்றார் அண்ணன். அன்று முழுவதும் எந்த மாடியில் நின்றார், எந்தத் திருகை முடுக்கினார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

வாய்ப்பூட்டு தொடங்குவதற்கு முந்தைய நாள் அவள் மறுபடி கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது.

"இந்தத் தடவை பூட்டு வேணாமே அண்ணா. தினமும் பேசலாம்."

"உனக்கு வாய் நிக்காது."

"நிக்கும். சத்தியமா நிக்கும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

கொஞ்சம் தாமதித்து, "நல்லாத்தான் சொன்னார்" என்றாள்.

"அப்ப வழக்கம்போல தியேட்டர் வாசல்ல பாக்கலாம். லேட்டா வந்தே, விட்டுட்டு உள்ள போயிடுவேன்."

"போவே போவே. நான் வழி சொல்லாம உனக்கு உன் சீட்டே கிடைக்காது" என்று சிரித்தாள்.

அவருக்கு அந்தத் தாமதம் கேட்காமல் இல்லை. கேட்டது. கேட்டதால்தான் பூட்டை இறுக்கமாகப் போட்டார். எல்லாம் எப்போதும்போல நடந்தால், முடிவும் எப்போதும்போல இருக்கும் என்று பாவம் அந்த மனம் கணக்குப் போட்டது. சட்டத்தை மீறாமல் இருந்தால் அவள் வந்துவிடுவாள். கைபேசியை அணைத்து, சட்டைகளுக்கு அடியில் செருகி, அலமாரியைச் சாத்தினார்.

கம்பெனியில் அந்த வாரம் கொண்டாட்டம்தான். 'சவுண்டு' என்று பெயர் வாங்கிய கூட்டாளி மெக்கானிக் ஒருவர் உண்டு. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் கேப்டனைத் துரத்துவது அவருடைய பொழுதுபோக்கு.

"கேப்டன்! முடிவுல யார் சாகிறான்னு சொல்லவா?"

கேப்டன் உடனே இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு வாய்க்கு வந்த பாட்டைக் கத்திப் பாடுவார். சுற்றி நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். உண்மையில் சவுண்டு எந்தப் பாகத்தையும் பார்த்ததில்லை.

வாரத்தின் நடுவில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கேப்டன் வேலையில் இருந்தார். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, துளை போடும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு. மேல் மாடிக் கதவு திறந்து, சவுண்டின் தலை தெரிந்தது.

"கேப்டன்! ஒரு விஷயம் சொல்லணும்!"

கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. இயந்திரத்தை நிறுத்தவில்லை. பாட ஆரம்பித்தார்.

சவுண்டு கைகளை ஆட்டினார். வாய் அசைவது தெரிந்தது. இன்று நடிப்பு நன்றாக இருக்கிறது, முகத்தைக்கூடச் சோகமாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேப்டன் நினைத்தார். பாட்டை இன்னும் உயர்த்தினார். ஆளை அனுப்பிவிடுவதற்காக, 'சரி சரி, போ' என்று பெரிதாகத் தலையாட்டினார். சவுண்டு ஒரு கணம் நின்று, தானும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கேப்டன் கம்பெனிக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீங்க... ஊருக்குப் போகலையா?"

"எந்த ஊருக்கு?"

சவுண்டு சுவரோரமாக நின்றிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் குரல் மெதுவாக வந்தது. "கேப்டன், நேத்து வந்து சொன்னேனே. தங்கச்சிக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பச் சொல்லி மாப்பிள்ளை இங்க போன் பண்ணினார்னு. நீங்க தலையாட்டினீங்களே..."

ரயில் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. முந்தைய நாள் மாலையே எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலில் கிடந்தவள் அவர் சடை பின்னிவிட்ட அந்தக் குழந்தையின் அளவுக்குச் சுருங்கியிருந்தாள். அவர் அழவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, பாதங்களைப் பிடித்துக்கொண்டார். தூக்கும் நேரம் வந்தபோது விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் போனபின் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கதவு திறக்கிறப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தா மச்சான். வந்துட்டாரான்னு கேட்டா. சொல்லியாச்சு, வந்துட்டே இருக்கார்னு சொன்னேன்."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணு சொல்லணும். அவ பூட்டை உடைச்சுட்டா."

"என்ன?"

"படத்தோட கதையை யாரோ இன்டர்நெட்ல முழுசா எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சுக் காட்டச் சொன்னா. 'நான் தியேட்டருக்குப் போகப் போறதில்ல, எனக்குத் தெரியும். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டும்'னு சிரிச்சா."

வாழ்நாள் முழுவதும் கதை சொல்ல வந்தவர்களையெல்லாம் விரட்டிய மனிதர், கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதை எனக்குச் சொல்லுங்க மாப்ள. அவ கேட்டது அத்தனையும் சொல்லுங்க."

"எனக்கு அந்தக் கதை ஒண்ணும் புரியாதே மச்சான்."

"புரிஞ்ச வரைக்கும்."

வாத்தியார் திணறித் திணறிச் சொன்னார். "அந்தக் கப்பல்... ஏதோ ஒரு ராக்கெட்... இல்ல, கப்பல்தான். அது திரும்பி வந்துடுது. அந்தப் பொம்பளை மட்டும் வீட்டுக்குப் போக மாட்டேங்குது. ரேடியோ முன்னாடியே உக்காந்திருக்கு. கிழவியாயிடுது. எல்லாரும் பைத்தியம்ங்கிறாங்க. இந்த இடத்துல அவ, 'ஐயோ பாவம்'னு சொன்னா. அப்புறம் ஒரு நாள் அந்தப் பெட்டியில ஏதோ சத்தம் வருது. கரகரன்னு."

"யாரோட சத்தம்?"

"அதுக்குள்ள தூங்கிட்டா மச்சான். நான் நிறுத்திட்டேன். எழுந்ததும் படிக்கலாம்னு..."

அவள் எழவேயில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வாரம் முடிந்து படம் ஊருக்கு வந்தது. கேப்டன் போகவில்லை. கம்பெனியில் யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால் சவுண்டு ஓடிவந்து வாயைப் பொத்தினார். கேப்டன் வேலைக்கு வந்தார், போனார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இப்போது, "கொஞ்சம் பொறுங்க, திறந்துடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

படம் தியேட்டரை விட்டுப் போகப்போகிறது என்று சுவரொட்டி ஒட்டிய வாரம், மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகச் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"வாங்க மச்சான், போய்ட்டு வரலாம். அவளுக்காகத்தான்."

பகல் காட்சி. பாதி இருக்கைகள் காலி. மாப்பிள்ளை கொட்டாவி விடவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, "அதானே அந்தக் கப்பல்?" என்று கிசுகிசுத்துக் கேட்டுக்கொண்டார். கேப்டன் பதில் சொன்னார். கப்பல் திரும்பியது. வழி சொல்லும் பெண் வீட்டுக்குப் போகவில்லை. அவள் தலை நரைத்தது. "ஐயோ பாவம்" என்று கேப்டன் வாய்க்குள் சொன்னார். பிறகு அந்தப் பெட்டி கரகரத்தது. கிழவி நிமிர்ந்தாள். அரங்கமே மூச்சை அடக்கியது.

கேப்டன் எழுந்தார்.

"என்ன மச்சான், முடிஞ்சிருச்சா?"

"இதுக்கு மேல அவ கேக்கல மாப்ள."

"யோவ், உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கேப்டன் கால்களில் இடித்துக்கொண்டே வரிசையைக் கடந்து, கனத்த கதவைத் தள்ளி, மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். வந்தவர் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஆள் உயிரோட இருப்பாரா மச்சான்?"

"நீங்க உள்ள போய்ப் பாருங்க. எனக்குச் சொல்லாம இருந்தாப் போதும்."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கூட்டத்தின் சத்தம் பெரிதாக எழுந்தது. சந்தோஷமா, துக்கமா என்று கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. மாப்பிள்ளை உள்ளே போகவில்லை. மெல்லக் குனிந்து படியில் மச்சானை ஒட்டி உட்கார்ந்தார். அதுவரை யார் முன்னாலும் அழாத கேப்டன், முகத்தை அவருடைய தோளில் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.