லாம்பர்ட்வில்லில் மருந்து ஜாடியைத் தட்டிய கதை

1999 அக்டோபர். நான் மருந்து கம்பெனிக்காரன். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் தட்டுபவன், மருந்தைக் கண்ணால் கண்டதில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோ ஊர் நூலகத்தில் ஒரு படப் புத்தகம் சிக்கியது. இருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் லேகியம் போட்டு வைத்த மண் ஜாடிகள்! வெள்ளீயம் கலந்த பால்வெள்ளை மெருகு, மேலே நீலத்தில் லத்தீன் பெயர். மூன்றே நாளில் நிபுணனாகிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, இன்னும் வாங்காத ஜாடியைப் பார்க்க மூன்று குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன். அதில் சுந்தரம், புது டிவி வாங்கி நான்கு மாதமாக அதையே பேசுபவர். வெறுங்கையோடு திரும்பினால் என் மானம் அவர் கையில்.

அன்று காலை ஒன்பதரைக்கு நானும் மனைவியும் பழம்பொருள் கடைகள் நிறைந்த லாம்பர்ட்வில்லுக்குக் கிளம்பினோம். ரூட் 1, அப்புறம் 95, அப்புறம் டெலவேர் ஆற்றை ஒட்டி ரூட் 29. இருபத்தைந்து மைல், முக்கால் மணி நேரம். இலையெல்லாம் சிவந்து கிடந்தது. என் கண் கடைப் பலகைகளில்தான்.

மூன்றாவது பழம்பொருள் கடையில் கிடைத்தது. ஒன்பது அங்குல உயரம், 480 டாலர். ஒரு கீறல்கூட இல்லை என்றார் கடைக்கார அம்மா. பூதக்கண்ணாடியை அடியில் வைத்து, புத்தகத்தில் போட்டிருந்த மாதிரியே "ம்ம்" என்றேன். செக் புத்தகத்தை எடுத்தேன்.

என் மனைவி மல்லிகா கரூர்க்காரி. தட்டிப் பார்க்காமல் ஒரு பானைக்கும் காசு கொடுத்ததில்லை. விரலை மடக்கி ஜாடியில் இரண்டு தட்டு. அந்த அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க, டொக்குங்குது. இது விரிசல் விட்டது."

"சும்மா இரு. இது பானை இல்ல, ஆன்டிக்."

"ஆன்டிக்னா விரிசல் விடாதா?"

மல்லிகா சொன்னதைக் கூச்சத்தோடு இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா, ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும் புறஊதா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து அறையை இருட்டாக்கினார். கழுத்திலிருந்து அடிவரை ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். அவரும் ஏமாந்துதான் வாங்கியிருக்கிறார். பிறகு மீதி ஐந்து ஜாடிகளையும் எடுத்து மல்லிகா முன் வரிசையாக வைத்தார்.

இன்னும் இரண்டு டொக், இரண்டு அரைகுறை. கடைசியாக, வாய் ஓரம் சிதைந்த ஒரு குட்டை ஜாடி, ணங்.

"இது நல்ல பானை," என்றாள்.

140 டாலர் போட்டிருந்த அந்தக் குட்டை ஜாடியை அந்த அம்மாவே 110க்குக் கொடுத்தார். அடுத்த முறை சரக்கு வாங்கப் போகும்போது கூட வர முடியுமா என்று மல்லிகாவிடம் கேட்டார். பூதக்கண்ணாடி வைத்திருந்தவனை யாரும் கேட்கவில்லை.

இரவு ஏழு மணிக்கு வீட்டில் சுந்தரம் ஜாடியின் லத்தீனை எழுத்துக் கூட்டி, அர்த்தம் கேட்டார். புத்தகத்தைப் புரட்டினேன்: வயிற்றை இளக்கும் லேகியம்.

"பேதி மருந்து டப்பாவுக்கா சார் இத்தனை பில்டப்?"

மல்லிகா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு உங்க டிவியையும் வந்து தட்டிப் பாக்கறேன் அண்ணா."

போகிறவர்களுக்கு: பதினொன்றுக்குள் போனால் பார்க்கிங் கிடைக்கும். கடைக்காரரைக் கேட்டுவிட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஜாடியை மெல்லத் தட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் ஊறுகாய் போடாதீர்கள், மெருகில் ஈயமும் உண்டு. புத்தகம் படித்தவனை வண்டி ஓட்ட வையுங்கள், போதும். சுந்தரம் இப்போதும் சாப்பிட வருகிறார். டிவி பக்கம் மட்டும் மல்லிகாவை விடுவதில்லை.