அவள் தூங்காத மத்தியானங்கள்

என் மகளுக்கு மூன்றரை வயதானபோதே பகல் தூக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. இதைச் சொன்னது அவள் போய்க்கொண்டிருந்த நர்சரி பள்ளியின் ஆயாம்மா. என் மனைவியும் சொன்னாள். எல்லோருக்கும் முன்னால் மகளே சொன்னாள். மூன்று பேர் சொல்லியும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கம் தேவைப்பட்டது எனக்கு.

அப்போது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல் இடம். நான் பாடியில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினேன். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அப்புறம்தான் மிதியை அழுத்த வேண்டும். இந்த வரிசை ஒரு தடவை மாறினால் விரல் போய்விடும். மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ராத்திரி ஏழுக்கு இறக்கிவிடும். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று நான்தான் கேட்டு வாங்கி நிரந்தரமாக நைட் ஷிப்ட் போனேன்.

"மச்சான், நைட் ஷிப்ட்டுக்காரன் ஊட்டுல இருந்தாலும் ஊருக்குப் போனவன் மாதிரிதான்" என்று பக்கத்து மிஷின்காரன் சொல்வான். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. இப்படி யாராவது ஒன்று சொன்னால் அது என் மண்டையில் ஒட்டிக்கொள்ளும், நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவேன். அதன்படி நடந்துகொண்டேனா என்று கேட்டால் இல்லை.

காலை ஏழரைக்கு வீடு வருவேன். ஒன்பதுக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படுப்பேன். பன்னிரண்டுக்கு அழைத்து வந்து, சோறு ஊட்டி, ஒரு மணிக்கு இருவரும் பாயில் படுப்போம். நாலு மணிக்குப் போனில் அலாரம். இந்த மூன்று மணி நேரம்தான் என்னை நிற்க வைத்தது. ஒரு நாள் காலை வேலை முடிந்து திருமுல்லைவாயல் தாண்டும்போது வண்டி ஓட்டிக்கொண்டே கண் செருகிவிட்டேன். முன்சக்கரம் சாலை நடுச் சுவரில் உரசிய பிறகுதான் விழித்தேன். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினேன். நாய் குறுக்கே வந்தது என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, மத்தியானம் விழித்துப் பார்க்கிறேன், பாயில் மகள் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. ஓடிப் போனால், தெருவில் தண்ணி லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, குழாயிலிருந்து ஒழுகுவதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்கி வந்து கதவைத் தாழ் போட்டேன். எட்டாத தாழ்தான், ஆனால் ஸ்டூல் இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்தவள் அவள்.

மறுநாள் படுத்ததும் என் லுங்கியின் முனையை அவள் கவுன் முனையோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன்.

"இன்னா நைனா இது?"

"தூக்க முடிச்சு. இத்த போட்டா கண்ண மூடிக்கினு இருக்கணும். தூக்கம் தானா வந்துரும்."

"எனக்கு வரலியே."

"மூடிக்கினு இரு, வரும்."

மூடிக்கொண்டாள். அவள் தூங்கினாளா என்று பார்க்கிற அளவுக்கு நான் விழித்திருக்கவில்லை. நாலு மணிக்கு அலாரம் அடித்தபோது முடிச்சு அப்படியே இருந்தது, அவள் கண்ணும் மூடியிருந்தது. தொட்டதும் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தாள். மிஷினில் கை சிக்காமலிருக்கத் தடுப்பு மாட்டுகிற மாதிரி ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் அந்த முடிச்சு போட்டேன்.

அந்த ஏழு மாதத்தில்தான் ஆயாம்மா ஒரு நாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். அவரிடம் வளர்ந்து போன பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

"தம்பி, பாப்பா பகல்ல தூங்குதா?"

"நல்லா தூங்குது ஆயாம்மா. மூணு மணி நேரம்."

"ராத்திரி?"

"பதினோரு மணி ஆவுது."

"அப்போ பகல்ல தூங்க வெக்காத. படுத்தவொடனே தூங்குற புள்ள வேற, படுத்துகினு பொரள்ற புள்ள வேற. தூங்காத நாளுகூட சாயங்காலம் அழுவாம ஆடுதுன்னா அதுக்குப் போதும்னு அர்த்தம். தூக்கம் பஸ் மாதிரி தம்பி. வரலன்னா ஸ்டாப்புல நிக்கவெச்சி இன்னா பண்றது?"

பஸ் கதையை அன்று ராத்திரியே பிரஸ் ஷாப்பில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மறுநாள் மத்தியானமும் வழக்கம்போல முடிச்சைப் போட்டேன்.

மனைவிக்குத்தான் கஷ்டம். நான் வேலைக்குப் போன பிறகு மகள் பதினோரு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். விடிகாலை ஐந்துக்கு எழ வேண்டிய மனைவி கதை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவாள். "யோவ், பகல்ல அத்த எழுப்பி விடுய்யா" என்பாள். "நல்லா தூங்குற புள்ளய எப்பிடி எழுப்புறது?" என்பேன். அப்படிச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் வீட்டில் இருந்தோம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ கூவிக்கொண்டு போனார்கள்.

"இது யாரு, புதுசா கீது?" என்றாள் மனைவி.

"புதுசு இல்லம்மா. கோலமாவு தாத்தா" என்றாள் மகள், பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே. "அவரு போனப்புறம் பழைய இரும்பு அண்ணன் வரும். அப்புறம் மேல் ஊட்டு ஆண்ட்டி தையல் மிஷின் ஓட்டும். அது நின்னுட்டு மோட்டார் போடும். தொட்டி ரொம்பி தண்ணி ஊத்துனா, நைனா போன் அடிக்கும்."

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டாள். "இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தினமும் கேக்குதே."

"தூங்க மாட்டியா?"

மகள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. "கண்ண மூடிக்கினுதான் இருப்பேன் நைனா" என்றாள் அவசரமாக. "தொறக்கவே மாட்டேன்."

"யோவ், இன்னாய்யா இது" என்றாள் மனைவி. திட்டு விழவில்லை என்று தெரிந்ததும் மகளுக்குத் தைரியம் வந்து, மீதியையும் சொன்னாள்.

"நைனா தூக்கத்துல பேசும்மா. 'கைய எடு, கைய எடு'ன்னு கத்தும். நான் அது நெஞ்சு மேல கை வெச்சிருப்பேனா, ஒடனே எடுத்துருவேன். அப்புறம் மேல போடவே மாட்டேன்."

பிரஸ் ஷாப்பில் நாங்கள் ஒருவருக்கொருவர் கத்துகிற வார்த்தை அது. தூக்கத்திலும் நான் மிஷின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். அவளோ அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிற அப்பனோடு முடிச்சில் கட்டுண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெருவைக் காதால் பார்த்துக்கொண்டு, கடைசியில் கையையும் தன்னிடமே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

முடிச்சை அன்றோடு விட்டேன். ஆனால் அவள் விழித்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை. நாலு நாள் எரிகிற கண்ணோடு வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் மனைவி மாடிக்குப் போய், தையல் வேலை செய்கிற அந்த அம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் அவரே படியிறங்கி வந்து கதவருகில் நின்றார்.

"பாப்பாவ அனுப்புங்கண்ணா. என்கூட வெட்டுத்துணி பொறுக்கிகினு இருக்கட்டும். நீங்க தூங்குங்க. ஏழெட்டு மாசம் முன்னயே ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

கேட்டிருக்கலாம். பகலில் தனியாக இருக்கிற பெண்ணின் வாசலில் போய் ஒரு ஆண்பிள்ளை எப்படி நிற்பது, தெரு என்ன பேசும் என்று நினைத்தேன். மனைவியை விட்டாவது கேட்கச் சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று அவள் நினைப்பாளோ என்று அதையும் செய்யவில்லை. எங்கள் தலைக்கு மேலேயே உதவி உட்கார்ந்து மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை என் மகள் கேட்டாள், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அசையாமல் கிடப்பது போய் மாடியில் ஓடியாடியதும், மகள் அந்த வாரமே ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். அத்தனை சுலபமான விஷயம்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. எனக்குப் பகல் வேலை கிடைத்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மாத்திரை கொடுத்ததும் மத்தியானம் என் பக்கத்தில் படுத்தாள். "உனக்கு ஞாபகம் கீதா, சின்னப் புள்ளையில நாம இப்பிடி படுப்போமே" என்று கேட்டேன். "இல்லியே" என்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், எதற்கு என்று அவளுக்குத் தெரியாதபோது எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். சிறிது நேரத்தில் மூச்சு சீராக வந்தது. நிஜத் தூக்கம்தானா என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன், பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா தூங்குனாளா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன்.