ஒரே ஒரு ஆட்டம்

சக்கர நாற்காலி வாள்வீச்சுக்கு இந்தியா சார்பில் வெளிநாடு போகிறேன் என்று சொன்னதும் நைனா பவர்லூமை நிறுத்தினார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"எதிர்ல வர்றவ நின்னுகினு சண்ட போடுவாளா?"

"அவளும் உக்காந்துகினுதான் நைனா."

"அப்ப சரி" என்று தறியை மறுபடி ஓடவிட்டார்.

கல்லூரி முடித்த வருடம் பொதட்டூர்பேட்டை சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்ததில் என் முதுகெலும்பு போனது. அதன்பின் திருத்தணியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். சென்னையில் பிசியோதெரபிக்குப் போனபோது, எனக்கும் நர்சுக்கும் நடந்த சண்டையை ஒரு வாள்வீச்சுப் பயிற்சியாளர் வேடிக்கை பார்த்திருக்கிறார். "உனக்கு நல்லா கோபம் வருது. வாள் பிடிக்கிறியா?" என்றார். விபத்துக்குப் பிறகு எல்லோரும் என் பொறுமையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். கோபத்தைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான். சரி என்றேன்.

எங்கள் ஆட்டத்தில் இரண்டு நாற்காலிகளையும் தரையில் ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டிவிடுவார்கள். பயம் வந்தால் இடுப்புக்கு மேலேதான் பின்வாங்க முடியும். வாரத்துக்கு இரண்டு முறை சென்னையில் பயிற்சி. மற்ற நாட்களில் அக்கா புருஷன், அதாவது பாவா, பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒட்டடைக் கம்பை நீட்டுவார். நான் குத்தப்போனால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"கண்ண தொறங்க பாவா."

"தொறந்தா பயமா கீதும்மா."

துணைக்கு அவர்தான் வந்தார். விமான நிலையத்தில் நீளப் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "குத்துவேன் சார்" என்றேன். பாவா குறுக்கே பாய்ந்து, "வெளையாட்டுக்கு சார், வெளையாட்டுக்கு!" என்று கும்பிட்டார். பிறகு விமானம் ஏறும்வரை என்னைப் பேசவிடவில்லை.

அங்கே ஆட்டம் தொடங்கும் முன் இருவர் கையையும் நீட்டச் சொல்லி இடைவெளியை அளந்தார்கள். கை குட்டையானவருக்குத்தான் தூரத்தை முடிவு செய்யும் உரிமை. ஒவ்வொரு முறையும் அது எனக்கே கிடைத்தது. ஒவ்வொரு முறையும் யோசித்துத் தூரத்தைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துத் தேர்ந்தெடுத்த தூரத்தில் உட்கார்ந்து தோற்றேன். வாள் முனை என் மேல் அழுந்தும்போதெல்லாம் புள்ளி காட்டும் எதிராளியின் விளக்கு எரிந்தது. என் விளக்கு பழுதோ என்றுகூட நினைத்தேன்.

முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிரே இருந்தவள் மிக நீளக் கைக்காரி. அவள் வாளை நீட்டியபோது, பழக்கத்தில் பின்னால் சாயவேண்டிய நான் கோபத்தில் முன்னால் சாய்ந்தேன். அவள் வாள் என் தோளைத் தாண்டிப் போக, என் முனை அவள் மார்பில் பட்டது. என் பக்கத்து விளக்கு எரிந்தது. அதையே திரும்பத் திரும்பச் செய்து ஜெயித்தேன். முகமூடிக்குள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அந்த முகமூடியில் எனக்குப் பிடித்த வசதி அது. ஒரு வெற்றி போதாது என்று அன்றைக்கே போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நான் திருத்தணி வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் போஸ்டர். படத்தில் முகமூடி போட்டிருந்ததால் அது நான்தானா என்று எனக்கே உறுதியில்லை. பாராட்டு விழாவைக் கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் இல்லை. நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே நாதஸ்வரம் வாசித்தவர் அதைப் பார்த்ததும் சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதை ஆரம்பித்துவிட்டார்.

தலைமை தாங்கியவர் எனக்கு ஒரு வீரவாள் பரிசளித்தார். இரண்டு கையாலும் தூக்க முடியாத கனம். "கொஞ்சம் சுத்திக் காட்டும்மா" என்றார். மைக்கை வாங்கி, "நான் தங்கம் வாங்கலைங்க. ஒரே ஒரு ஆட்டந்தான் ஜெயிச்சேன்" என்றேன்.

கைதட்டல் அடங்கவே இல்லை.

"பாருங்க, எவ்ளோ அடக்கம்!" என்றார் அவர்.

விழா முடிந்ததும் கூட்டம் சாப்பிடக் கீழே இறங்கியது, என்னைத் தூக்கிவந்த நால்வரும்கூட. மேடையில் நானும் பாவாவும் வீரவாளும் மிஞ்சினோம். பாவா தலைவரின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த நீளக் கைக்காரிய எப்டிம்மா ஜெயிச்ச? நான் அப்ப கண்ண மூடிக்கினேன்."

ஒவ்வொரு குத்தாகச் சொன்னேன். கேட்டவர் அவர் ஒருவர்தான். கீழே பாயசம் முடியும் வரைக்கும் சொன்னேன்.

அடுத்த போட்டிக்கான அணித் தேர்விலும் எனக்கு இடம் கிடைத்தது. இந்த முறை வீட்டைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பாவா சொல்லிவிட்டார்.