ஒரே ஒரு கிராணி வேலை

ரப்பர் விலை விழுந்து, கம்பெனிகள் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். பினாங்கில் மாலைநேரப் பொருளாதார வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வேலை கேட்கப் போகும் இடத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பேச்சுக்கு நடுவே ஒரு சப்பாத்தைத் தூக்கி மறுகால் சராயில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்வார்.

"இந்த வேலை ஏன் வேணும்னு துரை கேட்டா, கஷ்டம்னு மட்டும் வாயத் திறக்காதீங்க. தொழில் கத்துக்க ஆசைன்னு தெம்பா சொல்லுங்க" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த வாரம் பீச் ஸ்திரீட்டில் ஒரு கம்பெனி. ஆபீசில் கணக்கெழுதும் ஒரே ஒரு கிராணி வேலைக்கு மாடிப்படியிலிருந்து தெருவரைக்கும் வரிசை நின்றது. எனக்குப் பின்னால் யாரோ சப்பாத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர்தான்.

"சார், நீங்களா?"

கோணியிருந்த என் கழுத்துப்பட்டையை நேராக்கிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள போய் நான் சொல்லிக்குடுத்ததையே சொல்லிடாதீங்க தம்பி. எனக்கு வேற பதில் தெரியாது" என்றார்.

துரை முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான். "வீட்டில் கஷ்டம், துரை" என்றேன்.

வேலை அவருக்காவது கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.