மதினி நிறுத்திய எஞ்சின்

கிளட்ச் வேலை முடிந்து எங்கள் மினி டிராக்டர் கோம்பைத் தோட்டத்துக்குத் திரும்பியது. மழை பெய்திருந்ததால் திராட்சைக்கு அன்றே மருந்தடிக்க வேண்டும். தவறினால் பிஞ்சு அழுகிவிடும். ஆனால் பி.டி.ஓ. லிவரைப் போட்டும், மருந்து பம்பை ஓட்டும் பின்தண்டு சுழலவில்லை. எஞ்சின் ஓட ஓடவே குனிந்து பார்த்தேன். லிவர் கம்பி கழன்று தொங்கியது. அதைத் தள்ளப்போன நேரம் மதினி வந்து எஞ்சினை நிறுத்தினார்.

"கத்திக் கத்தித் தொண்ட போச்சு. சாப்புட வாரியா, இல்ல டிராக்டருக்கு ஊட்டிவிடவா?"

"இந்தா வாரேன் மதினி" என்று கம்பியைத் தள்ளினேன். டக்கென்று மாட்டிக்கொண்டது. அப்போதுதான் கவனித்தேன், என் துப்பட்டா நுனி தண்டின் மேல் கிடந்தது. எஞ்சின் ஓடியிருந்தால் கழுத்தோடு சுருட்டியிருக்கும்.

"ஆத்தாடி, மொதல்ல அதக் கழட்டுத்தா" என்றார் மதினி.

கம்பி மறுபடி கழலாமலிருக்க ஊசி போன்ற பூட்டுப் பின் ஒன்றை மாட்டி, பொழுது சாயுமுன் மருந்தடித்து முடித்தோம். பிஞ்சுகள் தப்பின. இப்போதெல்லாம் துப்பட்டாவைக் கழற்றிவைத்து, சாவியை உருவிக் கையில் எடுத்த பிறகே டிராக்டருக்குப் பின்னால் குனிகிறேன்.