கேட்டவளுக்குக் கொடுக்கவில்லை

நான் குடும்பநல உத்தியோகத்தர். கண்டியில் ஒரு கம்பஸில் ஆணுறையின் அவசியம் பற்றிக் கூச்சமில்லாமல் பேசினேன். கூட்டம் முடிந்ததும் பையன்களுக்குச் சிரித்தபடியே ஆணுறைகளைக் கொடுத்தேன். கடைசியாக, ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி வந்தாள்.

"எனக்கும் குடுங்க மிஸ். அவரு கேக்க வெக்கப்படுறாரு."

விரிவுரையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொம்பளப் புள்ள கேக்குற சாமானா இது? அவர வரச் சொல்லுங்க" என்றேன். தலைகுனிந்து போய்விட்டாள். அவன் வரவேயில்லை.

சில மாதங்களில், கர்ப்பிணிகள் கிளினிக்கில் அவளுக்கு நானே அட்டை எழுதினேன். படிப்பை விட்டிருந்தாள்.

"அவரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு மிஸ். வீட்டுலயும் சேக்கல."

என்னைத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அட்டையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

இப்போது யார் கேட்டாலும் கொடுக்கிறேன். அதனால் அவளுக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.