எருக்குழிக்குப் போன அடுக்குப் பூ

இசு கடற்கரையில் ஹைட்ரேஞ்சியா பூச்செடி வளர்க்கும் முராசே கியோஹாருவுக்குச் சிவப்பில் ஓர் அடுக்குப் பூ வேண்டும். தன் ஒற்றைச் சிவப்பையும் பாறை இடுக்கில் கிடைத்த வெள்ளை அடுக்கையும் இணைத்து விதை எடுத்தார். நாற்றுகள் எல்லாமே ஒற்றையாகப் பூத்தன.

"ரெண்டு மூணையாவது வச்சுக்கலாமேங்க" என்றாள் மனைவி ஃபுமியே.

"அடுக்காப் பூக்கத் தெரியாததுக்கு என் தோட்டத்துல தொட்டி எதுக்கு?"

வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டார். வருஷாவருஷம் இதே கதை. கடைசியில் அந்த வெள்ளைச் செடியும் வேரழுகிச் செத்தது.

இந்த மழைக்காலக் கண்காட்சியில் பக்கத்துத் தோட்டத்து ஓனுகி ஒரு சிவப்பு அடுக்கைக் கொண்டுவந்து வைத்தான்.

"திருட்டுப்பயலே! அது என் சிவப்போட வாரிசு. மரபணுவைப் படிச்சுப் பாக்கச் சொல்றேன்" என்று முராசே கத்தினார்.

ஆய்வு நிலையத்து சயோ இரண்டு செடிகளின் இலைகளையும் வாங்கிப்போய் மரபணு முழுவதையும் படித்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் ஐயா. இது உங்க சிவப்போட பேரப்பிள்ளை. அடுக்குக் குணம் முதல் தலைமுறையில வெளியே தெரியாது, உள்ளே ஒளிஞ்சிருக்கும். அந்த ஒற்றைங்களையே ஒண்ணோட ஒண்ணு இணைச்சா, நாலுல ஒண்ணு அடுக்காப் பூக்கும்."

"அப்போ நான் பிடுங்கிப் போட்டது?"

"எல்லாத்துலயும் இருந்திருக்கும்."

ஓனுகி மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு எடுத்துக்கட்டுமான்னு கேட்டேனே அண்ணே. 'குப்பைதானே, அள்ளிட்டுப் போடா'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

முராசேயும் ஃபுமியேவும் வீடு திரும்பினார்கள். வரிசை வரிசையாக அவருடைய பழைய ஒற்றைச் சிவப்புகள் தளதளவென்று நின்றன.

"நல்ல எரு" என்றாள் ஃபுமியே.